கூப்பர் பிளாக்கில் கடைப் பலகை: பக்கத்தில் தமிழ் எப்படி நிற்கும்?

அடுப்படி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு பேக்கரி தொடங்குகிறோம். முகப்பு 18 அடி அகலம், பலகைக்கு 42 அங்குல உயரம் கிடைக்கிறது. கடையின் பெயர் "வெண்ணெய்". அதன் கீழ் ஆங்கிலத்தில் "பட்டர்" என்று வரும். பழைய மிட்டாய் உறைகளில் பார்த்திருப்பீர்கள், குண்டாக, ஓரமெல்லாம் உருண்டு, அழுத்தமாக நிற்கும் ஓர் ஆங்கில எழுத்து. அதுதான் வேண்டும் என்று டிசைனரிடம் கேட்டேன். அதன் பெயர் கூப்பர் பிளாக் என்று சொல்லிப் போட்டுக் காட்டினார். பார்த்ததுமே பிடித்துவிட்டது.

சிக்கல் தமிழில்தான். வழக்கமான தமிழ் எழுத்துருவைப் பக்கத்தில் வைத்தால் இளைத்துப்போய்த் தெரிகிறது. கோரல் ட்ராவில் அவுட்லைன் கொடுத்துத் தடிமனாக்கினால் மூன்றுசுழி ண இரண்டும் மைக்கறை ஆகிவிடுகின்றன. பலகையில் எழுத்துகள் அக்ரிலிக்கில், உள்ளே எல்இடி வைத்து வரும். திறப்பு விழாவுக்குச் சுவரொட்டியும் அடிக்க வேண்டும். ஆங்கிலத்தையே பெரிதாக வைத்துத் தமிழைச் சின்னதாக ஒதுக்கிவிடலாம் என்கிறார் டிசைனர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பலகைத்தச்சர்

முதலில் ஒன்று. தமிழைச் சின்னதாக ஒதுக்கவே முடியாது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிப்படி தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், வேறு மொழி மூன்றுக்கும் 5:3:2 என்பது கணக்கு. உங்கள் டிசைனர் பலகை வேலைக்குப் புதியவர் என்று நினைக்கிறேன். வெட்டக் கொடுப்பதற்கு முன் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்டிய அக்ரிலிக்கைத் திரும்ப ஒட்ட முடியாது.

அச்சுமை

அடுப்படி, நீங்கள் கேட்ட எழுத்து எனக்கு மிகப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அதன் கதை தெரிந்தால் தமிழில் என்ன செய்வது என்பதும் பாதி விளங்கும்.

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் 1879-ல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். கான்சாஸில் வளர்ந்து, ஓவியம் படிக்கச் சிகாகோவுக்கு வந்தார். அங்கே ஃபிராங்க் ஹோம் நடத்திய பள்ளியில் எழுத்து வரையச் சொல்லிக்கொடுத்தவர் ஃபிரெடரிக் கௌடி. 1904-ல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவரோடு சேர்ந்து கூப்பர் ஒரு நிறுவனம் தொடங்கினார். பத்திரிகை விளம்பரங்களுக்கான எழுத்தைக் கையால் வரைந்து கொடுப்பதுதான் அங்கே அவருடைய முக்கிய வேலை. பேக்கார்ட் கார் கம்பெனி விளம்பரங்களுக்கு அவர் வரைந்த எழுத்து பிடித்துப்போய், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் 1913-ல் அதை அச்செழுத்தாகவே வார்த்து விற்றது.

சிகாகோவில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்று ஒரு பெரிய எழுத்து வார்ப்பகம் இருந்தது. அவர்களுக்காக 1919-ல் கூப்பர் ஓல்டு ஸ்டைல் செய்தார். அதிலேயே செரிஃப் முனைகள், அதாவது கோடுகளின் நுனியில் வரும் சிறு நீட்சிகள், உருண்டுதான் இருந்தன. 1922-ல் அதன் கனத்த வடிவமாகக் கூப்பர் பிளாக் வந்தது. விற்பனை தாறுமாறாக ஏறியது. கட்டுப்பெட்டியான அச்சுக்கலைஞர்களுக்குப் பொறுக்கவில்லை, "கறுப்பு அபாயம்" என்று திட்டினார்கள். கூப்பர் அசரவில்லை. தொலைநோக்கு உள்ள அச்சகத்தாருக்கும், கிட்டப்பார்வை உள்ள அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கும் ஏற்ற எழுத்து என்று அவரே சொன்னார். போட்டி நிறுவனமான மோனோடைப் சும்மா இருக்க முடியாமல், கூப்பருக்குப் பாடம் சொன்ன அதே கௌடியிடம் போய் இதற்கு இணையாக ஒன்று கேட்டது. 1925-ல் கௌடி ஹெவிஃபேஸ் வந்தது. அது கூப்பர் பிளாக் அளவுக்கு மக்கள் மனதில் ஒட்டவில்லை.

கவனிக்க வேண்டியது இதுதான். மெலிந்த எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் குண்டாக்கி இதைச் செய்யவில்லை. கனமாகவே நினைத்து, கனமாகவே வரைந்தார். ஆங்கில ஓ-வின் உள்வெளி கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கால்கள் தட்டையாக முடியாமல் திரண்டு முடியும். கோட்டுக்குக் கீழே இறங்கும் வால்கள் குட்டையாக இருப்பதால் வரிகளை நெருக்கமாக அடுக்கலாம். இவ்வளவு கறுப்பிலும் எழுத்து மூச்சு விடுகிறது என்றால் காரணம் அந்த வரைதல்தான். அவுட்லைன் கொடுத்தால் இதில் ஒன்றுகூட வராது.

கறுப்புவெள்ளை

எழுத்தின் வரலாறு நன்று. ஆனால் இதைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு சேர்ந்தே வந்ததால் இது எல்லார் கணினியிலும் இருக்கிறது. டியூஷன் நோட்டீஸ், பிறந்தநாள் பேனர், ஜெராக்ஸ் கடை விலைப்பட்டியல் என்று எங்கே பார்த்தாலும் இதுதான். புதிதாகக் கடை திறப்பவர் தனக்கென்று ஒரு முகம் தேட வேண்டாமா?

பழைய சாயல்தான் வேண்டும் என்றால் கிளாரண்டன் வகை இருக்கிறது. 1845-ல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டது, இன்றும் கம்பீரம் குறையாமல் நிற்கிறது. அல்லது கூகுள் ஃபாண்ட்ஸில் ஃபிரான்சஸ் பாருங்கள். வின்ட்சர், சூவனீர், கூப்பர் எழுத்துகளைப் பார்த்து உந்துதல் பெற்றுச் செய்தது. தடிமனை மட்டுமல்ல, முனைகளின் மென்மையையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அதிலிருந்து பிறந்த கேப்ரசிமோ என்ற தடித்த எழுத்தும் இலவசம்.

அச்சுமை

ஃபிரான்சஸ் நல்ல எழுத்து, மறுக்கவில்லை. ஆனால் எங்கும் இருக்கிறது என்பதற்காக ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். 1960-களில் புகைப்பட அச்சுக்கோப்பும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துத் தாளும் வந்தபோது, எழுத்துகளை ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கி வைக்க முடிந்தது. ஈய எழுத்தில் அது முடியாது. அந்த நெருக்கத்தில் கூப்பர் பிளாக் தன் அழகின் உச்சிக்குப் போனது. 1966-ல் வந்த பீச் பாய்ஸ் இசைத்தட்டின் அட்டை நினைவிருக்கும், பச்சைப் பட்டையில் அந்தத் தலைப்பு. 70-களில் சட்டையில் இஸ்திரி போட்டு ஒட்டும் எழுத்தெல்லாம் இதுதான். 1995-ல் லூட்டனிலிருந்து பறக்கத் தொடங்கிய ஈஸிஜெட் விமானங்களின் ஆரஞ்சு நிறப் பெயரும் இதே எழுத்து. மிட்டாய்க்கும் பொருந்துகிறது, விமானத்துக்கும் பொருந்துகிறது. நூறு ஆண்டாக மக்கள் அலுக்காமல் எடுத்துக்கொள்ளும் எழுத்து. டியூஷன் நோட்டீஸில் மோசமாகத் தெரிவதற்குக் காரணம், பத்தி பத்தியாக இதிலேயே அடிப்பதும், அகலத்தைப் பிடித்து இழுத்து நீட்டுவதும்தான்.

பேக்கரிக்கு இது பொருந்தும். நல்ல பன்னைக் கையில் எடுத்தது போன்ற உப்பல் அந்த எழுத்தில் இருக்கிறது.

கறுப்புவெள்ளை

நெருக்கி வைத்தால் அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தாளில். விளக்குப் பலகையில் நெருக்கினால் இரவில் எல்லாம் கலங்கிவிடும். பலகைத்தச்சர்தான் சொல்ல வேண்டும்.

பலகைத்தச்சர்

ஆமாம், விளக்கு எழுத்தில் நெருக்கம் ஆகாது. வெளிச்சம் எழுத்தின் விளிம்பைத் தாண்டிப் பரவும். பகலில் தெரியும் ஓட்டை இரவில் பாதியாகச் சுருங்கிவிடும். "பட்டர்" என்ற ஆங்கிலச் சொல்லில் ஈ என்ற எழுத்தின் கண்தான் முதலில் அடைபடும், அப்புறம் பி-யின் வயிறு. அதனால் எழுத்துகளுக்கு நடுவே தாளில் வைப்பதைவிடத் தாராளமாக இடம் விடுங்கள், கண்ணையும் கொஞ்சம் திறந்து வரையச் சொல்லுங்கள். வெள்ளை முகப்பு அக்ரிலிக்கைவிட மெரூன் அல்லது கரும்பழுப்பு முகப்பு வெளிச்சத்தைக் கட்டுக்குள் வைக்கும். எல்இடி வாட்டையும் குறைத்துக்கொள்ளலாம். பளிச்சென்று கண்ணைக் கூசவைத்தால் வாடிக்கையாளர் படிக்கமாட்டார்.

மற்றபடி இந்த எழுத்து எங்கள் தொழிலுக்கு வரம். இரண்டு காரணம். உள்ளே எல்இடி மாட்யூல் உட்காரக் கோட்டுக்கு அகலம் வேண்டும். மெல்லிய எழுத்தில் ஒரு வரிசை மாட்யூல் போடவே இடம் இருக்காது, வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும். கூப்பர் பிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, அக்ரிலிக்கை வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தில் சுழலும் பிட் உருண்டையானது. 3 மில்லிமீட்டர் பிட் போட்டால் உள்மூலை 1.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்துதான் வரும், கூர்மையாக வெட்டாது. கூர்மூலை உள்ள எழுத்தில் அந்த வளைவு தப்பாகத் தெரியும். இதில் பெரும்பாலான மூலைகள் ஏற்கெனவே உருண்டிருப்பதால் அது கண்ணில் படாது.

அளவுக்கு வருவோம். ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடியிலிருந்து நன்றாகப் படிக்கலாம் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. அதைவிடத் தள்ளியும் படிக்க முடியும், ஆனால் உறைக்காது. 42 அங்குலத்தில் மேல் கீழ் ஓரம், நடு இடைவெளி, புள்ளிக்கான இடம் எல்லாம் போகத் தமிழுக்கு 15 அங்குலம், ஆங்கிலத்துக்கு 9 அங்குலம் வைத்தால் 5:3 சரியாக அமையும். எதிர்ச்சாரியிலிருந்து தாராளமாகத் தெரியும். பஸ்ஸில் போகிறவருக்கும் தெரியும்.

வளைகோடு

நான் எழுத்துரு வரைபவன். தமிழ்ப் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் கோடுகள் பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான் நெருங்குகின்றன. ஏ, ஈ, எஸ், ஜி ஆகிய நாலைந்து எழுத்துகளில்தான் நெரிசல். தடிமனைக் கூட்டும்போது கூப்பர் கவலைப்பட வேண்டியிருந்தது அவற்றுக்காக மட்டுமே. தமிழில் நெரிசல் பக்கவாட்டில். மூன்றுசுழி ண-வை எடுங்கள், சுழிகளும் கால்களும் ஒரே எழுத்துக்குள் வரிசையாக நிற்கின்றன. ஆங்கில எழுத்தின் கால் எவ்வளவு தடிமனோ அதே தடிமனை இந்தக் கால் எல்லாவற்றுக்கும் கொடுத்தால், ஒன்று எழுத்து இரண்டு மடங்கு அகலமாகும், இல்லையென்றால் உள்ளே வெளிச்சமே இருக்காது. உங்களுக்குக் கிடைத்த மைக்கறை அப்படி வந்ததுதான். அவுட்லைன் கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகப் பரவும். சுழியின் உள்பக்கம் இடம் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

கையால் சரிசெய்யும்போது நாங்கள் செய்வது வேறு. வெளிவளைவுக்கு முழுத் தடிமன். உள்ளே புகும் கோட்டைச் சுழியை நெருங்க நெருங்க மெலிய விடுவோம். எழுத்தை முதலில் அகலமாக்கி, அப்புறம்தான் கறுப்பைக் கூட்டுவோம். ண அகலமாக இருப்பதில் தப்பே இல்லை, அது இயல்பிலேயே அகலமான எழுத்து. அதை ட, ப அளவுக்குள் அடைக்க முயல்வதுதான் கெடுக்கிறது.

உங்கள் பெயரில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. "வெண்ணெய்" என்ற சொல்லில் கீழே இறங்கும் எழுத்து ஒன்றுகூட இல்லை. மு, ரு, கூ, ழு எதுவும் இல்லை. மேலேயும் இரண்டு புள்ளிகள் மட்டும், விசிறியோ கொக்கியோ கிடையாது. அதனால் தமிழ் வரிக்கும் ஆங்கில வரிக்கும் நடுவே இடைவெளியைக் குறைத்து, கூப்பர் பிளாக் விரும்பும் அந்த இறுக்கமான அடுக்கைக் கொண்டுவரலாம். இரண்டு கொம்பு, இரண்டு ண, ஒரு வ. உருண்டைகள் வரிசையாக வருகின்றன. கடைசியில் ய மட்டும் வாய் திறந்து நிற்கிறது. வரைய ஆசையாக இருக்கிறது.

அடுப்படி

இவ்வளவு யோசிக்க இடம் இருக்கிறது என்று தெரியாது, நன்றி. வளைகோடு அவர்களே, புதிதாக வரைய நேரமில்லை என்றால், ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்துருவில் எது பக்கத்தில் வரும்?

வளைகோடு

இலவசமாக, வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லாமல் கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன். எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கின்றன.

பலூ தம்பி 2 முதலில் பாருங்கள். எக் டைப் குழு இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் செய்த பலூ வரிசையில் தமிழுக்கானது. கனமானது, உருண்டையானது, சுழிகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் எக்ஸ்ட்ரா போல்டு உங்கள் வேலைக்கு நெருங்கி வரும். காய்னி இன்னும் விளையாட்டுத்தனமானது, ஒரே ஒரு தடிமன்தான். குழந்தைகள் கடைக்குப் பொருந்தும், உங்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. கேட்டமரனில் பிளாக் வரை தடிமன் இருக்கிறது, வரைதல் சுத்தம், ஆனால் நவீனச் சாயல். கூப்பர் பிளாக் பக்கத்தில் அலுவலகத்தார் மாதிரி விறைப்பாக நிற்கும். அனெக் தமிழில் தடிமனோடு அகலத்தையும் மாற்றலாம். விரித்து வைத்தால் ண-வுக்கு மூச்சு கிடைக்கும், ஆனால் முனைகளில் கூப்பரின் உருட்டு வராது.

என் தேர்வு பலூ தம்பி 2. அதை வளைகோடாக (மென்பொருளில் கர்வ்ஸ் என்பார்கள்) மாற்றிக்கொண்டு, கோட்டு முனைகளை மட்டும் கொஞ்சம் திரட்டி விடுங்கள். கூப்பர் பிளாக்கில் கால் கீழே வரும்போது லேசாகப் பருக்கும். வ-வின் வலக்கால், ய-வின் வலக்கால், கொம்பின் முனை, இந்த மூன்று இடத்தில் அதே பருமனைக் காட்டினால் போதும், இரண்டும் உறவுக்காரர்களாகத் தெரியும். செரிஃப் ஒட்ட வேண்டாம். தமிழ் எழுத்துக்குச் செரிஃப் ஒட்டினால் ப-வும் ய-வும் வேஷம் கட்டியது போல ஆகிவிடும்.

இன்னொன்று. தமிழின் கோட்டுத் தடிமன் ஆங்கிலத்தின் தடிமனோடு அளவுகோலில் பொருந்த வேண்டியதில்லை. தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது இரண்டு வரியும் ஒரே கறுப்பாகத் தெரிய வேண்டும். அதுதான் அளவு. உங்கள் பலகையில் தமிழ் பெரிதாக வருவதால் அதன் கோடு தானாகவே தடிக்கும், மெலிந்து தெரியும் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். 5:3 உங்களுக்கு உதவியாகத்தான் வந்திருக்கிறது.

தெற்குவாசல்

ஒரு யோசனை. பழைய சாயல் வேண்டும் என்றால் பழைய எழுத்து வடிவங்களையே எடுக்கலாமே? 1978-ல் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் ஒரே கூட்டெழுத்தாகச் சுருண்டு வரும். எங்கள் ஊர்ப் பழைய கட்டடங்களின் நெற்றியில் சுண்ணாம்பில் புடைத்த எழுத்துகளில் இன்றும் அவை இருக்கின்றன. தமிழில் பழமை என்றால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அந்த வளைவுதான். ஆங்கிலத்துக்கு 1922 என்றால் தமிழுக்கும் 1922 இருக்க வேண்டும் இல்லையா?

வளைகோடு

அழகான எண்ணம். ஆனால் "வெண்ணெய்" என்ற சொல்லில் மாறிய எழுத்து ஒன்றும் இல்லையே. ணெ அன்றும் இன்றும் ஒன்றுதான். விலைப்பட்டியலிலும் சுவரொட்டியிலும் "கடலை", "வெல்லப் பாகில் செய்தவை" என்று எங்காவது லை, வை வரும். அதிலும் வை மாறவில்லை, லை மட்டும்தான் மாறியது. தலைப்பில் ஒரே ஓர் இடத்தில் பழைய லை வைத்தால் கண்ணுக்கு விருந்து. விலைப்பட்டியல் முழுக்க வேண்டாம். 1978-க்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்கள் அதைப் படிக்க ஒரு கணம் தயங்குவார்கள், விலைப்பட்டியலில் அந்தத் தயக்கம் கூடாது.

தெற்குவாசல்

சரி, தலைப்பில் ஒன்று போதும். கண்டிப்பாக வையுங்கள்.

மரயெழுத்து

சுவரொட்டிப் பக்கம் யாரும் வரவில்லை, அதனால் நான் வருகிறேன். பலகைக்குச் சொன்ன விதிகள் சுவரொட்டிக்கு அப்படியே பொருந்தாது.

பெரிய சுவரொட்டி எழுத்து என்பதே மரத்தில் பிறந்தது. ஈயத்தில் பெரிய எழுத்து வார்த்தால் எடை தாங்காது, ஆறும்போது மேற்பரப்பு குழிந்துவிடும். 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் ரவுட்டர் கொண்டு மரத்தில் எழுத்து வெட்டத் தொடங்கினார். 1834-ல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பேன்டோகிராஃபைச் சேர்த்தார். ஒரு மூலவடிவத்தைத் தடவிக்கொண்டே போனால், மறுமுனையில் வேண்டிய அளவில் எழுத்து வெட்டுப்படும். ஒரே எழுத்தைக் குறுக்கலாம், விரிக்கலாம். வரி நிரம்பும்வரை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வோர் அகலம் வைத்து அடுக்கிய அந்தக் காலச் சுவரொட்டித் தோற்றம் இப்படி வந்தது. 1880-ல் விஸ்கான்சினின் டூ ரிவர்ஸ் ஊரில் ஹாமில்டன் நிறுவனம் தொடங்கி, இந்தத் தொழிலையே கையில் எடுத்துக்கொண்டது. அதே ஊரில் இன்று மர எழுத்துக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பலகைத்தச்சர் இன்று அக்ரிலிக்கில் ஓட்டும் ரவுட்டருக்கு மூதாதை அது. படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

சரி, உங்கள் சுவரொட்டிக்கு வருகிறேன். இங்கே எழுத்துகளைத் தாராளமாக நெருக்கலாம், வெளிச்சம் பரவும் கவலை இல்லை. இரண்டு நிறம் போதும். மெரூனும், தாளின் சந்தன நிறமும். கூப்பர் பிளாக்குக்கு நிழல், பளபளப்பு, நிற மாற்றம் எதுவும் தேவையில்லை. சாதாரண மேட் தாளில் அடியுங்கள். பெயர் ஒரு வரி, திறப்பு நாள் ஒரு வரி, இடம் ஒரு வரி. தேதியையும் முகவரியையும் கூப்பர் பிளாக்கில் போடாதீர்கள். சின்ன அளவில் அதன் உள்வெளிகள் மையில் அடைபடும். முக்தா மலர் மாதிரி அமைதியான தமிழ் எழுத்தில் போடுங்கள், பெரிய எழுத்து இன்னும் பெரிதாகத் தெரியும்.

கறுப்புவெள்ளை

மரயெழுத்து சொன்ன இரண்டு நிறத்தை வழிமொழிகிறேன். நான் கூப்பர் பிளாக்கை எதிர்த்ததில் பாதி, அதன்மேல் ஏற்றும் நிழலுக்கும் தங்கமுலாமுக்கும் எதிர்ப்புதான். அவை இல்லாமல் வெறும் எழுத்தாக நின்றால் எனக்கும் மறுப்பில்லை.

உரிமம் பற்றி ஒரு கேள்வி. ஆஃபீஸோடு வந்த கோப்பைப் பலகைக்குப் பயன்படுத்தலாமா?

அச்சுமை

எழுத்தின் வடிவத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. 1978-ல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. கூப்பர் பிளாக்குக்கு இத்தனை நகல்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எழுத்துருக் கோப்பு ஒரு மென்பொருள், அதற்கு உரிமம் உண்டு. முறையாக வாங்கிய ஆஃபீஸில் இருக்கும் எழுத்துருவை வைத்துப் பெயர்ப்பலகை செய்வது பொதுவாகப் பிரச்சினை இல்லை. கோப்பை எடுத்துப் பலகை வெட்டுபவருக்கு அனுப்பக் கூடாது. எழுத்தை வளைகோடாக மாற்றி, அந்த வரைபடத்தை மட்டும் அனுப்புங்கள். டிசைனரின் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று அவரிடமே உரிமத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தேடும்போது ஒன்று கவனம், கூப்பர் ஹெவிட் என்று இன்னோர் எழுத்துரு வரும். அது நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றுக்காகச் செய்த செரிஃப் இல்லாத எழுத்து, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வளைகோடு

தமிழைப் பற்றியும் ஒன்று. டிசைனரின் கோரல் ட்ரா பழைய பதிப்பு என்றால் யூனிகோட் தமிழ் உடைந்து வரும், கொம்பு ண-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால்தான் பலர் இன்னும் பாமினி போன்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களை விடாமல் வைத்திருக்கிறார்கள். பலூ தம்பி 2 யூனிகோட். புதிய பதிப்பிலோ இங்க்ஸ்கேப்பிலோ தட்டச்சு செய்து, வளைகோடாக மாற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் தட்டச்சு அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான கம்போசரை இயக்க வேண்டும். வளைகோடாக மாற்றியதும், சுழிகளில் கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெல்டு செய்து ஒரே வடிவமாக இணைக்க வேண்டும். இல்லையென்றால் ரவுட்டர் அந்த இடத்தை இரண்டு முறை வெட்டும்.

அடுப்படி

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு இன்று டிசைனரோடு உட்கார்ந்தேன். பலூ தம்பி 2-ஐ எடுத்து முனைகளைத் திரட்டினோம். தமிழ் மேலே 15 அங்குலம், ஆங்கிலம் கீழே 9. ண-வைச் சுருக்காமல் அப்படியே அகலமாக விட்டோம். முதல் முறையாகத் தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கிறது என்று டிசைனரே சொன்னார். ஆங்கிலத்தைத்தான் இப்போது அதற்கேற்ப இடைவெளி விட்டுச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

மிச்சம் இருப்பது இரண்டு புள்ளிகள். ண் மேல் ஒன்று, ய் மேல் ஒன்று. எங்கள் தெருவில் ஒரு கடைப் பலகையில் புள்ளி விழுந்து, இன்னும் வைக்காமல் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. ண-வோடு ஒட்டி வரைந்துவிடலாமா என்று டிசைனர் கேட்கிறார்.

வளைகோடு

ஒட்ட வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டிய புள்ளி எழுத்தின் ஒரு முடிச்சாகத் தெரியும். ண, ண் இரண்டும் அடுத்தடுத்து வரும் சொல்லில் அந்த வித்தியாசம் பளிச்சென்று இருக்க வேண்டும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். கூப்பர் பிளாக்கில் ஆங்கில ஐ-யின் புள்ளி எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு. எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே, எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளியையே விடுங்கள்.

பலகைத்தச்சர்

புள்ளி விழுவதற்குக் காரணம் வெறும் சிலிகான் ஒட்டுதான். வெயிலில் இளகி, மழையில் பிரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இரண்டு ஸ்டட் (மரை உள்ள கம்பி) வைத்து, பலகையின் பின்னணியாக வரும் ஏசிபி ஷீட்டைத் துளைத்துப் பின்பக்கம் நட்டு போடச் சொல்லுங்கள். ஒரே ஸ்டட் என்றால் காற்றில் சுழலும். புள்ளிக்குள்ளும் எல்இடி வேண்டும், அதற்குத் தனி ஒயர். பலர் காசு மிச்சம் பிடிக்கப் புள்ளியை விளக்கில்லாமல் விட்டுவிடுவார்கள், இரவில் "வெண்ணெய்" "வெணணெய" ஆகிவிடும். விலை பேசும்போதே இரண்டு புள்ளிக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன் முழு அளவில் ஃப்ளெக்ஸிலோ தாளிலோ ஒரு பிரிண்ட் எடுத்து முகப்பில் கட்டுங்கள். பகலில் ஒரு முறை, தெருவிளக்கு எரிந்தபின் ஒரு முறை எதிர்ச்சாரியிலிருந்து பாருங்கள். ண-வின் சுழி மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் வெட்டக் கொடுத்துவிடலாம். கலங்கினால் அந்தச் சுழியை மட்டும் இன்னும் ஒரு நூல் திறக்கச் சொல்லுங்கள்.